முறுக்கு உடையாத கார்

எனக்கு இப்போது வயது எண்பத்தாறு. மூன்று பிள்ளைகளைப் பெற்றேன். மூன்றையும் பம்பாய் தாராவியில் வைத்தே வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணமும் பண்ணிக் கொடுத்தேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் நம்பர் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ஒரு கார் நல்ல காரா இல்லையா என்று கண்டுபிடிக்க நான் ஒரு பரீட்சை வைத்தேன். அதை இன்றைக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்கள் சொல்வது பாதிக் கதை. மீதியை நான்தான் சொல்ல வேண்டும்.

அறுபதுகளில் பாதி தாண்டிய சமயம் அது. தாராவியில், சயான் பக்கமிருந்து உள்ளே நுழையும் ஒரு சந்தில் எங்கள் முறுக்குக் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கீழே இரண்டு அடுப்பு, முறுக்குப் பிழிய ஆறு பெண்கள், மாவு பிசைய ஓர் ஆள். மேலே தகரம் போட்ட மாடியில் நாங்கள் ஐந்து பேர். ஆனாலும் எங்கள் சரக்கு மாட்டுங்கா கடைகளுக்குப் போகும், செம்பூர் காலனிகளுக்குப் போகும், தீபாவளி சமயத்தில் கல்யாண் வரைக்கும் போகும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு துணிப்பையோடு ரயிலேறி வந்தவர் என் வீட்டுக்காரர். அவருக்கு இது பெரிய கம்பெனிதான். எனக்கும்தான்.

பெரியவனுக்கு அப்போது எட்டு வயது. நடுவுள்ளவளுக்கு ஆறு. கடைக்குட்டிக்கு மூன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். குர்லாவில் வண்டி மாற வேண்டும். நல்ல கூட்டம். வீட்டுக்காரர் பெரியவனை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். நடுவுள்ளவள் என் சேலையைப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் வண்டிக்குள் நிற்கிறாள். வண்டி நகர்கிறது. மீன்கூடை வைத்திருந்த ஒரு மராத்திக்காரம்மா அடுத்த ஸ்டேஷனில் அவளோடு இறங்கி, எதிர் வண்டி பிடித்து, குர்லாவுக்கே கொண்டுவந்து சேர்த்தாள். இருபது நிமிஷம் இருக்கும். அந்த இருபது நிமிஷத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை.

மறுநாள் காலை மாவு பிசையும் இடத்துக்கே போய்ச் சொன்னேன்.

“இனி மூணையும் கூட்டிக்கிட்டு நான் ரயில்ல ஏற மாட்டேன். ஒரு கார் வாங்குங்க.”

அவர் மாவுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். “முறுக்கு சுடுதவன் வீட்டுல காரா? பாக்கவன் என்னட்டி சொல்லுவான்?”

“முறுக்கு சுட்டே கார் வாங்கிட்டான்னு சொல்லுவான்.”

பிழிந்துகொண்டிருந்த ஆறு பெண்களும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். அவர் சிரித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்த இரண்டு நாளில் சந்து முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் நான் குடத்தை வைப்பதற்குள் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

“ஏளா, பிளஷர் காரு வாங்குதியளாமே!”

“எந்தக் கலரு?”

“கறுப்பு மட்டும் வாங்கிராத. டாக்சின்னு நெனச்சு எல்லாவனும் கையக் காட்டுவான்.”

“கை காட்டினா ஏத்திக்கிட வேண்டியதான். முறுக்கு வித்த மாதிரியும் ஆச்சு, சவாரி போன மாதிரியும் ஆச்சு.”

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கார் வரவில்லை, ஆனால் மனதில் தினமும் நான் காரில் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் புது வண்டிக்குப் பேர் பதிந்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஒருவர் ஓட்டிய வண்டிதான் பார்த்தோம். பார்த்துக் கொடுத்தவர் என் அக்கா வீட்டுக்காரர், செம்பூர் அத்தான். ஆபீஸ் உத்தியோகம், இங்கிலீஷ் பேப்பர் படிப்பவர், என்னைக் கிண்டல் செய்யாமல் ஒரு வாய் காப்பி குடிக்கமாட்டார். அவர் இரண்டு வண்டி சொன்னார். ஒன்று செம்பூரில், சின்ன வண்டி. இன்னொன்று மாட்டுங்காவில், பெரிய வெளிநாட்டு வண்டி, கொஞ்சம் பழையது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். அத்தானும் என் வீட்டுக்காரரும் மூன்று நாள் இஞ்சின், கியர், பெட்ரோல் என்று பேசினார்கள். என் வீட்டுக்காரருக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் தலையாட்டினார்.

எனக்குத் தெரிந்தது முறுக்கு. எங்கள் சரக்கு கைவண்டியில் போகும். எந்த வண்டிக்காரன் பார்த்துத் தள்ளுகிறான், எவன் பள்ளத்தில் இறக்குகிறான் என்பதை, திரும்பி வந்த டின்னைத் திறந்து பார்த்தே நான் சொல்லிவிடுவேன். உடைசலைப் பார்த்தால் ரோடு தெரியும். கடைக்காரர்கள் வாயைவிட நான் டின்னை நம்புவேன்.

அதனால் நடுவில் புகுந்து சொன்னேன். “அத்தான், இஞ்சின் கதையெல்லாம் இருக்கட்டும். ரெண்டு வண்டியிலயும் ஒரு டின் முறுக்க ஏத்தி, சயான்லருந்து செம்பூர் வரைக்கும் போயிட்டு வரச் சொல்லுங்க. எதுல கம்மியா உடையுதோ அதுல எம் பிள்ளைக உக்காரட்டும்.”

அத்தான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “கொழுந்தியா, நீ படிக்காமப் போனது இந்த ஊருக்கு நல்லதா கெட்டதான்னு தெரியலையே!”

ஆனால் அவர் ஆபீஸ்காரர். உடனே சட்டம் போட்டார். எண்ணி நூறு முறுக்கு, ஒரே பதம், ஒரே டின். டின் சீட்டில்தான் இருக்க வேண்டும். போய் வரும்வரை யாரும் கையால் தொடக் கூடாது.

“நா தொடுவேன்னா சொல்லுதிய?”

“எண்ணெயத் தொட்டுப் பொழைக்கிற கை. எனக்கு நம்பிக்கை இல்ல.”

“அப்ப நீங்களே எண்ணுங்க. எண்ணும்போது திங்காம எண்ணுங்க.”

முதலில் சின்ன வண்டி. சொந்தக்காரரே ஓட்டி வந்தார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நானும் வீட்டுக்காரரும் மட்டும் ஏறினோம். பின் சீட்டில் என் பக்கத்தில் டின். சீட்டு மரப்பலகை மாதிரி இருந்தது. சயான் தாண்டி ரோட்டில் இருந்த பள்ளம் ஒன்றைக்கூட அந்த வண்டி விட்டுவைக்கவில்லை. டின்னுக்குள் சலக் சலக்கென்று கேட்கிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போய்த் திரும்பி டின்னைத் திறந்தால் நூறில் முப்பத்தெட்டு தூள்.

சந்து முனையில் காத்திருந்த அத்தான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: “இதுல மூணு பிள்ளைய ஏத்தினா, இறக்கும்போது ஆறா இறக்கலாம்.”

அடுத்த ஞாயிறு மாட்டுங்கா வண்டி. அதன் சொந்தக்காரர்கள் வயதான புருஷன் பெண்டாட்டி. வெளியூரில் இருக்கும் மகனோடு போய் இருக்கப்போகிறார்கள். பல வருஷமாக அவர்களுக்கு வண்டி ஓட்டிய டிரைவர் ஒருவர், மராத்திக்காரர், நரைத்த மீசை, அவர்தான் வண்டியை எங்கள் சந்து முனைக்கு ஓட்டி வந்தார். என் வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது. அதனால் ஏற்கெனவே அவரிடம் சொல்லி வைத்திருந்தார், வண்டியை நாங்கள் எடுத்தால் நீயும் எங்களோடு வந்துவிடலாம் என்று. வண்டி கை மாறினால் அந்த மனுஷனுக்கு வேறு வேலை தேட வேண்டியதில்லை.

அந்த வண்டியைப் பார்த்தீர்களா, அது வண்டி இல்லை, வீடு. கறுப்பு இல்லை, நல்ல கரும்பச்சை. சீட்டில் உட்கார்ந்தால் உள்ளே வாங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட அதன் கதவு. முன் கதவும் பின் கதவும் பீரோ மாதிரி எதிரெதிராகத் திறக்கும். பின் கதவுக்குக் கைப்பிடி முன்பக்கம், கீல் பின்பக்கம். திறந்தால் வாசல்போல அகலமாக இருக்கும். சேலை எங்கும் சிக்காமல், குனியாமல், மகாராணி மாதிரி ஏறி உட்காரலாம். நான் இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தேன். சந்தே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கதவு என்னை விழத்தட்டிவிட்டது. பரீட்சை ஆரம்பிக்கும் முன்பே இந்த வண்டிக்குத்தான் பாஸ் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அன்றைக்குப் பிள்ளைகளை நிறுத்த முடியவில்லை. மூன்றும் அழுது ஏறிவிட்டன. முன்னால் டிரைவரும் வீட்டுக்காரரும், நடுவில் பெரியவன். கியர் பார்க்க வேண்டுமாம் அவனுக்கு. பின்னால் வலது பக்கம் நான், என்னை ஒட்டி டின், அடுத்து நடுவுள்ளவள், அவளுக்கு அந்தப் பக்கம் இடது ஜன்னலோரம் கடைக்குட்டி.

வண்டி நழுவிக்கொண்டு போனது. ஆனால் சயான் ரயில் பாலம் பக்கம் ஒரு பள்ளம். அதில் இறங்கி ஏறியபோது டின்னுக்குள் சலக்கென்று சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு பள்ளம் இப்படி வந்தால் என் வண்டி தோற்றுவிடுமே! முன்னால் பார்த்தேன். வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக டின்னைத் தூக்கி மடியில் வைத்து, முந்தானையால் மூடி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். பள்ளம் வரும்போதெல்லாம் டின்னைக் கொஞ்சம் தூக்கிக்கொடுத்தேன்.

நிமிர்ந்தால் கண்ணாடியில் டிரைவரின் கண்கள். அவர் பார்த்துவிட்டார். மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. மறுபடி ரோட்டைப் பார்த்தார்.

பரீட்சை வைத்தவள் நான். காப்பி அடித்தவளும் நானே.

செம்பூர் நெருங்கும்போது டின்னைப் பழையபடி சீட்டில் வைத்துவிட்டேன். அத்தான் வாசலிலேயே நின்றிருந்தார். திறந்து எண்ணினால் உடைந்தது நாலே நாலு. அத்தான் சீட்டை அமுக்கிப் பார்த்தார். “வண்டியா இது, தொட்டில்லா!” என்றார். என் அக்கா கையைத் தட்டினாள். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அந்தப் பார்வைக்காக நான் நூறு டின் தூக்குவேன். “என் பெண்டாட்டிக்கு எழுத்துத் தெரியாது. கணக்குப் பாத்தா வக்கீலே தோப்பான்” என்று அத்தானிடம் சொன்னார். நான் சேலையைச் சரிசெய்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

“திரும்பிப் போகும்போதும் பாக்கணும். சட்டம்னா சட்டம்” என்றார் அத்தான்.

உடைந்ததை எடுத்துவிட்டு டின்னை மறுபடி மூடினோம். இந்தத் தடவை செம்பூர் தெரு திரும்பியதுமே டின் என் மடிக்கு வந்துவிட்டது. ஒரு தடவை செய்தது இரண்டாவது தடவை சுலபம். நேரே மாட்டுங்காவுக்குப் போய், வண்டியின் சொந்தக்காரரிடம் பேசி முடித்துவிடுவது என்று ஏற்பாடு.

கடைக்குட்டி வழக்கமாக எங்கே போனாலும் என் மடியில்தான் உட்காருவான். பாதி வழியில் அவனுக்குத் தூக்கம் வந்திருக்க வேண்டும். நடுவுள்ளவளைத் தாண்டிக் கையை நீட்டினான்.

“ம்மா, மடி.”

“செத்த நேரம் இரு கண்ணு. ஊரு வந்துட்டு.”

அவன் சிணுங்கிவிட்டு ஜன்னல் பக்கமே சாய்ந்துகொண்டான். கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: “பாயி, சோட்டே கோ கோத் மே லேலோ.” அம்மா, சின்னவனை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று. நான் காது கேளாதவள் மாதிரி வெளியே பார்த்தேன். எனக்குக் கோபம்கூட வந்தது. மூன்று பெற்றவள் நான், எனக்குப் பிள்ளை வளர்க்க இவர் சொல்லித் தருகிறாரா என்று. அதோடு, மடியைக் காலி செய்தால் டின்னை வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரே.

கிங் சர்க்கிள் ரவுண்டானாவில் வண்டி வலது பக்கமாக வளைந்து திரும்பியது. எங்கள் உடம்பெல்லாம் இடது பக்கம் சாய்ந்தது. கடைக்குட்டியின் முழுப் பாரமும் கைப்பிடி மேல். டக்கென்று ஒரு சத்தம்.

கதவு கொஞ்சம் திறந்தால் போதும், மீதியைக் காற்று பார்த்துக்கொண்டது. பின்பக்கம் கீல் வைத்த கதவு அல்லவா? ஓடுகிற வண்டியின் காற்று அதைப் பிடித்து ஒரே இழுப்பாக அகலத் திறந்துவிட்டது. கைப்பிடியை விடாமல் பிடித்திருந்த என் பிள்ளையையும் சேர்த்து இழுத்தது. அவன் கால் உள்ளே, உடம்பு வெளியே. கீழே ரோடு ஓடுகிறது.

இப்போது சொல்லப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஒரு நொடியில் என் இரண்டு கையும் என்ன செய்தது தெரியுமா? டின்னை இன்னும் இறுக்கிப் பிடித்தது. விழுவது டின் என்று என் கை நினைத்துக்கொண்டது.

பிடித்தவள் நடுவுள்ளவள். ஆறு வயதுப் பெண். குர்லாவில் வண்டிக்குள் விட்டுவிட்டோமே, அவள்தான். தம்பியின் டவுசருக்கு மேலே தெரிந்த அரைஞாண் கயிற்றில் இரண்டு கையையும் கோத்து, பின்னால் சாய்ந்து, “அம்மா” என்று ஒரே கத்தல். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உயிர் வந்தது. டின்னை விட்டேன். அவள் மேல் விழுந்து அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். டிரைவர் அதற்குள் பிரேக்கைப் போட்டுவிட்டார். டின் என் காலில் இடித்து, திறந்திருந்த கதவு வழியாக உருண்டு ரோட்டில் விழுந்தது. பின்னால் ஸ்டாப்புக்கு ஒதுங்கி வந்த பஸ் அதன் மேல் ஏறித்தான் நின்றது.

தகரம் நசுங்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

கடைக்குட்டிக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவன் அழவே இல்லை. வெளியே எட்டிப் பார்த்து, “முறுக்கு, முறுக்கு” என்று சந்தோஷமாகக் கையைக் காட்டினான். நடுவுள்ளவள் கயிற்றை விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். பஸ் கண்டக்டர் இறங்கி வந்து எங்களை இந்தியில் திட்டினார். திட்டட்டும் என்று இருந்தது.

என் வீட்டுக்காரர் வேர்த்துப்போய் நின்றார். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, அவர் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லையா, சட்டென்று கேட்டார்.

“சீட்டுல இருந்த டின்னு எப்படிட்டி கதவு வரைக்கும் போச்சு? நடுவுல பிள்ளை இருந்தாளே?”

பதில் சொன்னவர் டிரைவர். “பிரேக் மாரா, உசல் கயா, சேட்.” பிரேக் போட்டதும் துள்ளிவிட்டது முதலாளி என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. குனிந்து கடைக்குட்டியின் முழங்கையை ஊதிக்கொண்டிருந்தார்.

பிறகு கதவை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டார். அப்போது அந்த மனுஷன் சொன்னதை நான் மறக்கமாட்டேன். பூட்டை மாற்றலாம் சேட், காற்றை மாற்ற முடியாது என்றார். மற்ற வண்டியில் கதவு தவறித் திறந்தாலும் ஓட்டத்தில் காற்றே அதை மூடப் பார்க்கும். இதில் காற்றே திறந்துவிடும். எங்கள் முதலாளியம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறி இறங்க இந்தக் கதவு சுகமாக இருந்தது; அந்த வீட்டில் சின்னப் பிள்ளை கிடையாது. உங்கள் வீட்டில் மூன்று இருக்கிறது. இதை வாங்காதீர்கள். இவ்வளவையும் இந்தியில், அவசரமில்லாமல், எங்களுக்குப் புரியும்படி சொன்னார். வண்டி விலை போகாவிட்டால் அவருக்கு எங்கள் வீட்டு வேலை கிடையாது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். “நீதான் சொல்லணும். நாலே நாலுதான் ஒடஞ்சுது.”

“சின்ன வண்டிய எடுங்க.”

“அதுல எல்லாம் தூளாச்சேட்டி!”

“முறுக்கு ஒடைஞ்சா ஒடையட்டும்.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பயத்தில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். பயமும்தான்.

மாட்டுங்காவில் வண்டியை விட்டுவிட்டு வரும்போது டிரைவர் வாசல்வரை வந்தார். என் வீட்டுக்காரர் நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் போனார். வண்டி வேண்டாம், நீ வா, சின்ன வண்டி ஓட்டுவியா என்று கேட்டார். அவர் தன் காலைக் காட்டினார். அந்த வண்டியில் என் முழங்கால் மூக்கில் இடிக்குமே சேட் என்றார். ஆனால் அடுத்த ஒன்றாம் தேதி காலையில் எங்கள் சந்து முனையில் வந்து நின்றார்.

சின்ன வண்டி வந்த நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. கோயில் வாசலில் நிறுத்தி, பொட்டு வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். முறுக்குப் பிழியும் ஆறு பெண்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். குழாயடியில் கறுப்பு வாங்காதே என்று சொன்னவள், தானே டாக்சி மாதிரி கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாள். அவளையும் ஏற்றிக்கொண்டு சயான்வரை போனோம். எங்கள் மூன்றோடு சந்துப் பிள்ளைகளும் ஏறிக்கொள்ள, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் இப்போது கூசுகிறது. ஊரில் என் அப்பாவிடம் மாட்டு வண்டிகூடக் கிடையாது.

அப்புறம் ஜன்னல் சண்டை. பின்னால் ஜன்னல் இரண்டு, பிள்ளை மூன்று. சயான் வரைக்கும் பெரியவன், அதற்கப்புறம் நடுவுள்ளவள் என்று டிரைவர்தான் பங்கு போட்டுக் கொடுத்தார். சிக்னலில் நிற்கும்போது யாருக்குச் சொந்தம் என்று அதற்கும் சண்டை. கடைக்குட்டிக்கு ஜன்னலே கிடையாது. அவன் பள்ளிக்கூடம் போய் இரண்டு வருஷம் ஆகும்வரை என் மடியை விட்டு இறங்க நான் விடவில்லை. “இவ்வளவு பெரிய பிள்ளைய எதுக்குட்டி கட்டிப் பிடிச்சிருக்க?” என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். முன் கண்ணாடியில் டிரைவர் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

பதினொரு வருஷம் அவர் எங்களிடம் இருந்தார். பெரியவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். என் வீட்டுக்காரரோடு ஒரே தட்டில் முறுக்கு தின்பார். முறுக்குப் பரீட்சைக் கதையை யாராவது அவர் எதிரில் சொல்லி, எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு என்ன மூளை பார் என்று என்னைப் புகழும்போது, அவரும் தலையை ஆட்டுவார். ஒரு நாளும், விளையாட்டுக்குக்கூட, அந்த மடியைப் பற்றி ஒரு வார்த்தை விடவில்லை. வேலையை விட்டு ஊருக்குப் போகும் அன்று நான் வேட்டியும் துண்டும் வைத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி, “ரெஹனே தோ, பாயி” என்றார். இருக்கட்டும் அம்மா என்று அர்த்தம். சில வருஷம் கழித்து அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். என் வீட்டுக்காரரும் போய்விட்டார். பெண்டாட்டி கெட்டிக்காரி என்ற நினைப்போடே போனார்.

நடுவுள்ளவள் மட்டும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் கேட்டாள். “அம்மா, அன்னைக்கு டின்னு உன் மடியிலதான இருந்துச்சு?” ஆமாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. “சின்னப் பிள்ளையில பாத்தது, உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவளை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவள் முகம் அப்படி ஆகிவிட்டது. நேற்று அவளுக்குப் போன் செய்து, நீ பார்த்தது சரிதான் என்று சொன்னேன். “எனக்குத் தெரியும்மா” என்றாள்.

நான் பெருமைக்காரி. இன்னமும்தான். கையில் பிடித்திருப்பது பிள்ளையா, பெருமையா என்று அன்றைக்கு என் கைக்கே தெரியவில்லை; அதனால் இத்தனை வயதிலும், யாருக்காவது நல்லது செய்கிறேன் என்று மனது குதிக்கும்போதெல்லாம் ஒரு தடவை நின்று என் கையைப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது நான் வாஷியில் கடைக்குட்டியின் வீட்டில்தான் இருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல இவ்வளவையும் எழுதியவள் அவன் மகள். தமிழ் எழுத்து அவளுக்குக் கொஞ்சம் கோணலாகத்தான் வரும், பரவாயில்லை. எழுதியாயிற்றா கண்ணு? சரி, முதலிலிருந்து ஒரு தடவை வாசி. கதவை மூடாதே. உன் அப்பா ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கும் கேட்கும்படி நல்ல சத்தமாக வாசி.